மீனுக்குக் கட்டிய வீடு

பஞ்சநதத்துக்கு முன் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் மீன் திருட்டுக்குப் பயந்து கருவை முள்ளை வெட்டித் தண்ணீருக்குள் போட்டிருந்தார். வலை வீசினால் சிக்கிக் கிழியும். ஆனால் கிழிந்தது ஒரு பசுமாட்டின் கால். அதனால் முள் போடக்கூடாது என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது. பஞ்சநதம் எல்லோர் முன்னாலும் சரி என்று சொல்லித்தான் குளத்தை எடுத்தார்.

முதல் வருடமே யாரோ வலை போட்டுவிட்டார்கள். கெண்டை பாதிக்கு மேல் போயிற்று.

அடுத்த வருடம் அவர் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து மீன்வீடு கட்டினார். பழைய டயர், மிஞ்சிய பிவிசி குழாய், மூங்கில், தென்னை மட்டை. குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்று செல்போனில் பார்த்திருந்தார். அது பொய்யில்லை. மட்டைகளுக்கு நடுவே கருவை முள்ளைத் திணித்துக் கம்பியால் இறுக்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கருங்கல்லைக் கட்டி மூழ்கடித்த அன்று கரையில் கூட்டம்.

"நமக்கு இன்னும் தொகுப்பு வீடு வரல. மீனு பால் காய்ச்சிக் குடி போயிடுச்சு" என்றார் நல்லக்கண்ணு. எல்லோரும் சிரித்தார்கள்.

நல்லக்கண்ணுவின் மனைவி ரெங்கம்மாள் நத்தை பொறுக்கும் கூடையோடு நின்றிருந்தாள். "உள்ள என்ன வச்சிருக்கீங்க தம்பி? நாங்க கையை விடுற எடம்."

"மட்டையும் மூங்கிலும்தான். நத்தை ஒட்டுச்சுன்னா எடுத்துக்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். பஞ்சநதம் கரையில் நின்று விளக்கினார்.

சம்பா நடவு தொடங்கிய வாரம் குளத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. காலையில் அவர் தவிடு போடப் போனபோது ரெங்கம்மாள் மார்பளவு தண்ணீரிலிருந்து கரையேறிக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் ரத்தம்.

"ஒரு மட்டை பேந்துக்கிட்டு வந்துடுச்சு தம்பி. வீட்டைக் கலைச்சுட்டேன்" என்றாள்.

வண்டியில் உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பக்கத்து பெஞ்சில் ஊராட்சித் தலைவரின் மனைவி தர்மாம்பாள் மாத்திரைக்குக் காத்திருந்தார்.

"என்ன குத்துச்சு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"மூங்கில் சிராய்." ரெங்கம்மாள் பஞ்சநதம் பக்கம் திரும்பினாள். "மூங்கில்தானே தம்பி?"

பஞ்சநதம் தர்மாம்பாளைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

நர்ஸ் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாள். கழுவிக் கட்டுப்போட்டாள். ஊசி போட்டு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அவர் வயலில் நடவு. வந்த பெண்களில் ரெங்கம்மாள் இல்லை. "கை வீங்கிக் கெடக்கு. சோத்தைப் பிசைய முடியல, நாத்தை எங்க புடிக்கிறது" என்றாள் ஒருத்தி.

ஆள் கூப்பிடப் போனால் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பதுதான் அவர் வழக்கம். அன்று வாசல்வரை போனார். ரெங்கம்மாள் கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. நல்லக்கண்ணு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி."

"அது மூங்கில் இல்ல. கருவை முள்ளு. நான்தான் வச்சேன்."

நல்லக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார். ஏதாவது கேலியாகச் சொன்னால் தேவலை என்றிருந்தது பஞ்சநதத்துக்கு.

"எறக்குன அன்னைக்கே உங்களைக் கேட்டேன்" என்றாள் ரெங்கம்மாள்.

"ஆமா."

"நர்ஸம்மா முன்னாலயும் கேட்டேன்."

"தப்புதான். மன்னிச்சுக்கங்க."

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? உள்ள முள்ளு கெடக்குன்னு அவங்களுக்குல்ல தெரியணும். வண்டியை எடுங்க."

ஆஸ்பத்திரியில் அன்று கூட்டம். பாதி அவர்கள் ஊர் ஆட்கள். அவர் மெல்லச் சொன்னார். நர்ஸுக்குக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க."

"கருவை முள்ளு. முனை உள்ளயே ஒடிஞ்சிருக்கும். குளத்துல நான்தான் வச்சேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு மூங்கில்னு தலையாட்டினது நீங்கதானே?" என்றாள் நர்ஸ்.

"நான்தான்."

டாக்டர் கையை அமுக்கிப் பார்த்து, கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார். நர்ஸ் பஞ்சநதத்தை வெளியே போகச் சொன்னாள். அவர் வேகமாகக் கதவுப்பக்கம் திரும்பினார்.

"இருக்கட்டும்மா. அவரு இங்கயே நிக்கட்டும்" என்றாள் ரெங்கம்மாள்.

நின்றார். முள் வெளியே வரும்வரை அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.