பெயர் மாற்றிச் சொன்னவளைத் தேடி வந்தவர்

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளியில் இருந்தபோது செய்தி வந்தது. கோட்டாறு நபீசா அக்கா காலமாகிவிட்டார். ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து செல்களைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். அவரால் உயிரோடு இருப்பவள் நான். இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம், என் பாழாய்ப்போன வெட்கம்.

ஆறு வருடத்துக்கு முன் இராஜாக்கமங்கலத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. காய்ச்சல் என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் சொந்தப் பெயரைக் கொடுப்போம். கர்ப்பப்பை என்றால் ஊர் பேசும், அதனால் வேறு யார் பெயரையாவது சொல்லிவிடுவோம். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தும் நானும், என் அண்ணன் மனைவி செல்வி மைனியின் பெயரையும் விலாசத்தையும் கொடுத்தேன். போன் நம்பரையும் தப்பாகச் சொன்னேன். எடுத்த செல்களைத் தடவிய கண்ணாடி ஸ்லைடுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவர் நபீசா அக்கா. "வரிசையில நிக்கத் தெரியாதா? இது என்ன சந்தையா?" என்று நான் போட்ட சத்தத்தில் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அக்கா என் மைனி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். "நான் எந்தக் கேம்புக்கும் வரல்ல, போங்க" என்று மைனி விரட்டிவிட்டார். ஆனால் செல்வி என்று பெயர் கொடுத்தவளின் முகமும் சத்தமும் அக்காவுக்கு நினைவிருந்ததால் ஊரைவிட்டுப் போகவில்லை. பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம், "வரிசையில நிக்கலன்னா ஏசுத பொம்பள இந்த ஊர்ல யாரு?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் என் பள்ளிக்கூடத்துக்கு வழி காட்டியிருக்கிறார்கள்.

என்னைத் தனியே கூப்பிட்டார். "பேரு என்னவா வேணும்னாலும் இருந்துட்டுப் போட்டு மக்கா. செல்லு உனக்கதுதான். முதல்ல சந்தேகமாத்தான் இருந்து. அதான் ரெண்டு புரதத்துக்குச் சாயம் போட்டுப் பாத்தோம். ஒண்ணு செல்லு பெருகாம பிரேக் பிடிக்கும், இன்னொண்ணு பெருகும்போதுதான் இருக்கும். ரெண்டும் ஒரே செல்லுல தெரியப்பிடாது. உனக்குத் தெரியுது. கேன்சர்னு சொல்லல்ல, அதுக்கு முந்துன படியா இருக்கலாம். டாக்டர்ட்ட உடனே காட்டணும்."

எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. "உங்கள யாரு அனுப்புனது?" என்று சீறினேன்.

"யாரும் அனுப்பல்ல. போன் கிட்டல்ல, வந்தேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்து, என் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். சதை எடுத்துச் சோதித்து, புற்றாக மாறும் முன்பே அந்தச் சிறு பகுதியை அகற்றிவிட்டார்கள். என் ரகசியத்தை அக்கா ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் விடாமல் கேட்பார்: "மைனிட்ட சொன்னியா? அவுங்க பேர்ல உனக்க ரிசல்ட்டு கிடக்கு. அவுங்களும் ஒரு தடவ வந்து பாக்கணும்லா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். ஆறு வருடமும் அப்படியே போயிற்று.

துக்க வீட்டுக்குத் தனியே போகக் கூடாது என்று மைனி துணைக்கு வந்தார். பஸ்ஸில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "அந்த அம்மாவையா நான் விரட்டுனேன்?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளைத் துணிக்கு நடுவே அக்காவின் முகம் அமைதியாக இருந்தது. மைனி குனிந்து, அங்கிருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "நான்தாம்மா செல்வி. திங்கக்கிழம டெஸ்ட் எடுக்க நானே போறேன்" என்றார்.

என் உயிருக்கு நன்றி, அக்கா. நிம்மதியாகப் போங்கள். எங்கள் வீட்டில் இனி யாரையும் நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை.