பாடி வாங்காத நாட்கள்

எங்கள் பட்டறையில் ஒரு நாளில் அதிகம் அடிபடும் சொல் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், பாடி. கவரைப்பேட்டையைத் தாண்டி ஹைவே ஓரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அது. கம்பெனியிலிருந்து லாரி முழுசாக வராது. இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். டிரைவர் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, வெயில் மழை பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். அதன் மேல் கேபினும் தொட்டியும் கட்டி, பெயின்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. "பாடி ரெடியா?", "பாடி எப்ப குடுப்பே?" என்று ஓனர்கள் போனிலேயே உயிரை வாங்குவார்கள். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திரப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் அது பாடிதான். "நைனா, பாடி பலமா கட்டு, டப்பு பத்திக் கவலப்படாத" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற ஆள்தான், வண்டி எடுக்க வரும்போது பெயின்ட் சரியில்லை என்று முறைப்பார்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா, பாடி என்றால் ஊர், படை தங்கும் இடம் என்று சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பெயர்களின் கடைசியில் அது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று விளக்கினார். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்த வயதில் எங்களுக்குப் பாடி என்றால் பேன்சி ஸ்டோரில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பெண்களின் உள்ளாடை. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்தும் தெரியாதவர்போல அவர் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன்.

என் தம்பி அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வைத்திருந்தான். மீசை அரும்பிய காலத்தில் காலனி ஜிம்மில் சேர்ந்து பாடி ஏற்றினான். ஜிம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, துருப்பிடித்த கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் சிமென்ட் ஊற்றிய டப்பா. வீட்டில் அம்மா வாங்கி வைத்த முட்டையெல்லாம் அவன் வயிற்றுக்குத்தான் போனது. சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பான். "இன்னாடா, பொண்ணூட்டுக்காரங்க யாராவது வராங்களா?" என்று கிண்டல் செய்வேன். "உனுக்குப் பொறாமண்ணா" என்பான். பொறாமைதான். என் உடம்புக்குப் பட்டறைப் புகைதான் கொடுத்துவைத்தது.

கல்யாணமாகி, மகள் பிறந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக்கம்பி வெட்டும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்த பிறகு, அவன் வாயில் பாடி என்பது மெஷினின் வெளிக்கூடு. "மெஷின் பாடில கரண்ட் வருதுண்ணா" என்று அடிக்கடி சொல்வான். எங்கேயோ ஒயர் தேய்ந்து இரும்பில் மின்சாரம் கசியும். எலெக்ட்ரீஷியன்கள் அதைப் பாடி ஷாக் என்பார்கள். சரி செய்ய மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அன்றைய உற்பத்தி போய்விடும். அதனால் ஆட்கள் காலுக்கடியில் மரப்பலகை போட்டுக்கொண்டு, தொடுவதற்கு முன் புறங்கையால் தட்டிப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தானாக மூடி இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம், விடாதாம். பலகையும் புறங்கையும்தான் அங்கே பாதுகாப்பு ஏற்பாடு.

ஒரு மழை நாளில், டீ நேரத்தில் ஆலைக்குள்ளிருந்து மனைவிக்குப் போன் செய்திருக்கிறான். தரையெல்லாம் தண்ணீர், மெஷின் பாடி இன்றைக்கு ரொம்ப இழுக்கிறது, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். மதியத்துக்குள் கான்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தார். "உங்க தம்பி வேலைக்கு வர்றப்பவே கேட்டுக்கு வெளிய நெஞ்ச புடிச்சிக்கினு வுழுந்துட்டாரு சார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துகிறோம்." அதுவரை என்னை சார் என்று அவர் கூப்பிட்டதில்லை. அடித்துப்பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி பெயரைச் சொல்லி எங்கே என்று கேட்டேன். வாசலில் இருந்த காவலாளி, "பாடி பின்னாடி கட்டடத்துல இருக்கு" என்று கையைக் காட்டினார்.

அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்குப் பெயர் தேவைப்படவில்லை. போலீஸ்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர், கான்ட்ராக்டர், காலனி ஜனம், எல்லாருக்கும் அவன் பாடி. "பாடிக்கு யார் சொந்தம்?" என்றார்கள். "பாடி எப்ப வரும்?" என்று சொந்தக்காரர்கள் எனக்கே போன் செய்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிணம் என்று சொல்ல வாய் கூசுகிறவர்களுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை ஒரு மரியாதை. ஆனால் லாரி ஓனர்கள் என்னிடம் கேட்கும் அதே கேள்வி அது. எங்கள் சபையின் பாஸ்டர் மட்டும் கடைசிவரை சரீரம் என்றே சொன்னார். அம்மா இரண்டையும் சொல்லவில்லை. "எம்புள்ள எங்கடா?" என்றுதான் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆலையில் ஆள் செத்தால் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டோம், பாடியை வாங்க மாட்டோம். வாங்கி மண்ணுக்குள் வைத்துவிட்டால் மறுநாள் ஒருவனும் போனை எடுக்க மாட்டான். ஐஸ் பெட்டியில் கிடக்கிறவரைக்கும்தான் போலீஸ் பேசும், கம்பெனி பேசும், தாசில்தார் எட்டிப்பார்ப்பார். உயிரோடு இருந்தபோது ஒரு ஒயரை மாற்றச் சொல்லிக் கேட்க வைக்க முடியாதவன், செத்தபிறகு எல்லாரையும் நிற்க வைக்கிறான். எங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் எங்கள் செத்த உடம்புதான் என்பதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை, அவமானமாகத்தான் இருக்கிறது. காலனியே திரண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தது.

நாங்கள் கேட்டது ஒன்றுதான். உள்ளே வேலை செய்யும்போது செத்தான் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் அவன் மனைவிக்கும் மகளுக்கும் தொழிலாளர் பென்ஷன் வரும். வெளியே நெஞ்சுவலி என்று எழுதிவிட்டால் ஒன்றுமில்லை. கான்ட்ராக்டர் கேட்டுக்கு வெளியே என்பதிலேயே நின்றார். டீ நேரத்துப் போனைச் சொன்னோம். எங்கிருந்து பேசினான் என்பதற்கு என்ன சாட்சி என்றார்கள். சாட்சி ஒரே ஒருவன்தான். தம்பியோடு அதே மெஷினில் நின்ற பீகார்க்காரன். அவனையும் அன்றைக்கே ஊருக்கு டிரெயின் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

தம்பி மனைவி அவனுக்குப் போன் போட்டாள். தம்பி போனில் அவன் நம்பர் இருந்தது. அவளுக்கு இந்தி தெரியாது, அவனுக்கு அரைகுறைத் தமிழ். திரும்பத் திரும்ப "நீ வா, நீ வந்து சொல்லு" என்று மட்டும் சொன்னாள். வண்டி அதற்குள் எவ்வளவோ தூரம் போயிருந்தது. இறங்கித் திரும்புகிறேன் என்றான். அதன் பிறகு அவன் போன் அடிக்கவே இல்லை. சார்ஜ் போய்விட்டதோ, மனசு மாறிவிட்டானோ, யாருக்குத் தெரியும்?

நாங்கள் காத்திருந்தோம். மழை விடவில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பிணவறையில் வேலை பார்ப்பவர் என்னையும் தம்பி மனைவியையும் ஓரமாகக் கூப்பிட்டார். "ரொம்ப நாள் வெச்சிக்காதீங்கம்மா. பொட்டி பழசு, சரியா குளுர மாட்டேங்குது. அப்பறம் மொகம் பாக்க முடியாது" என்றார். எங்கள் சபையில் பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டார் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்து, நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்புவார்கள். அம்மா அதற்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவள் காதுக்கும் போய்விட்டது. வந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிடுடி. எனக்கு எம்புள்ள மொகத்த மட்டும் காட்டிடுடி."

"அவன் வரட்டும் அத்த."

"புருசன வெச்சிப் பேரம் பேசறியாடி நீ?"

தம்பி மனைவி கையை உருவிக்கொண்டு மழையில் போய் நின்றாள். நான் குடையோடு பின்னால் போனேன். வாங்கிவிடலாம் என்று சொல்லத்தான் போனேன், மறைப்பானேன். அவள் என்னைப் பேசவிடவில்லை. "எனக்கு மட்டும் அவுரு மொகத்த பாக்கணும்னு இல்லியா மாமா? பாத்துட்டு அப்பறம் இன்னா பண்றது? அவுரு உள்ளதான் இருந்தாரு. எங்கையில சொன்னாரு. நாளைக்கி எம் பொண்ணு எங்கப்பா ரோட்ல வுழுந்து செத்தாருன்னு சொல்லிக்கினு திரியணுமா?" குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பீகார்க்காரன் வந்தே விட்டான். எந்த ஸ்டேஷனிலோ இறங்கி, கிடைத்த வண்டியில் நின்றுகொண்டே வந்து, சேறு அப்பிய காலோடு வாசலில் நின்றான். என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "மிட்டி ஹோ கயா, பையா?" எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்தான் சொன்னார். அவர்கள் பக்கத்தில் செத்தவரையே மிட்டி என்பார்களாம். மிட்டி என்றால் மண். அடக்கம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறான். இல்லை என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதற்காகவே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

அவன் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னான். கான்ட்ராக்டரின் ஆட்கள் எதிரிலேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தர், சாப். உள்ள. மெஷின் பாடி கரண்ட். நான் கட்டை வச்சுத் தள்ளினேன், விடல" என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். எழுதினார்கள். அதற்கு மேல் கம்பெனியால் மறுக்க முடியவில்லை. உள்ளே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். காலனிக்காரர்கள் கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்றைக்கே போஸ்ட்மார்ட்டம் முடிந்தது. இன்னார்தான் என்று வீட்டு ஆள் ஒருவர் உள்ளே வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன். "நீங்க வராதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவளே போனாள். திரும்பி வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. பிணவறைக்காரர் என்னிடம், "துணியப் பிரிக்காதீங்க, ஊட்டுக்கும் வாணாம், நேரா கொண்டுபோயிடுங்க" என்றார். ஆனாலும் எங்கள் தெருவில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தினோம். வாசலில் பெஞ்சு போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அம்மா செண்ட் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைத் திறக்க மாட்டோம் என்றதும் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டி மேல் இரண்டு கையாலும் அடித்தாள். பாஸ்டர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். அம்மாவைப் பிரித்தெடுக்க என்னோடு இன்னும் இருவர் வேண்டியிருந்தது.

பென்ஷன் வருகிறது. அம்மா, மருமகளோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்கு வா என்றால் வர மாட்டாள். பேத்தியோடு பேசுவாள், என்னோடு பேசுவாள், மருமகளோடு தேவைக்கு ஒரு வார்த்தை. அம்மாவின் சுகர் மாத்திரை, கண் சொட்டு மருந்து எல்லாம் அந்தப் பென்ஷனில்தான் வாங்கப்படுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கே போயிருந்தேன். தம்பி மனைவி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டாள். இதே கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாளாம்.

"எம்புள்ள மொகம் எப்டி இருந்திச்சி?"

"தூங்கற மாதிரி இருந்தாரு அத்த."

"நல்லா இருந்திச்சா?"

"நல்லா இருந்திச்சி அத்த."

அம்மா மாத்திரையை எடுத்துக்கொண்டு, "நல்லா இருந்த மொகத்த நீ மட்டும் பாத்துட்டு மூடிட்டே" என்றாள். தம்பி மனைவி டம்ளரை அம்மாவின் கைக்கு எட்டும்படி இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டினாள்.