அவள் கேட்ட வேலை

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பெருமூளை வாதத்தால் இடது கை மடங்கி, விரல்கள் மூடியே இருக்கும். சேலத்தில் கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறிப் போனபோது, என்ன சிகிச்சை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி. கல்யாண வீடுகளில் அந்தக் கையை என் முந்தானையால் மறைத்து மறைத்து அலுத்துப்போயிருந்தது.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். ஊசி போட்டால் தசை சில மாதம் தளரும், ஆனால் கை தானாக வேலை கற்றுக்கொள்ளாது. நல்ல கையைக் கட்டிவைத்து, வராத கையை மட்டும் பழக்குவது ஒரு முறை. இரண்டு கையையும் சேர்த்துப் பழக்குவது இன்னொன்று. எது என்று பார்க்கும் முன் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கை என்ன வேலை செஞ்சா உனக்கு நல்லா இருக்கும்?"

சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போனா ஜட்டிய நானே மேல இழுத்துக்கோணுங்க."

ஒற்றைக் கையால் இழுத்தால் ஒரு பக்கம் சுருட்டிக்கொள்கிறதாம். ஆயாவைக் கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்களாம். அதனால் காலையில் போனால் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து என்றாள்.

அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுகிறவள் நான். பாட்டில் தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறதென்று தினமும் திட்டியவளும் நான்தான்.

"ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ வந்து மிஸ்ஸ வையுவ."

ஊசிப் பேச்சை அன்று நான் எடுக்கவே இல்லை. இழுத்துப் போட இரண்டு கையும் வேண்டும் என்பதால் இரண்டு கைப் பயிற்சியையே எடுத்தோம். முதலில் அகலமான துணி வளையத்தை முழங்காலிலிருந்து இடுப்புவரை ஏற்றுவாள், பிறகு தளர்வான பாவாடையை. உதவத் துடிக்கும் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பேன். சில நாள் அழுதாள். இடது கட்டைவிரலை எலாஸ்டிக்குள் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளப் பழக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

கை இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. பள்ளியில் கழிப்பறைக்கு அவளே போய் வருகிறாள். என்னிடம் சொல்லாமல் இன்னும் எதையெல்லாம் வைத்திருக்கிறாளோ என்று சில சமயம் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறேன்.