கிணறு பார்க்காத வால்வுக்காரி

பம்ப் முதலில் படபடவென்று அடிக்கும். பிரஷர் ஏற ஏற நிதானமாகும். கடைசியில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி... நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது இன்னொன்று.

பிறகு அமைதி. பிரஷர் காட்டுகிற முள் அசையக் கூடாது. நாங்களும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவொற்றியூரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்கிற கம்பெனி அது. கிணற்றின் தலையில் உட்கார்ந்து, பூமிக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு வருவதை அடக்கிப் பிடிக்கிற வால்வு. என் முதல் வேலை, டெஸ்டிங்கில். உள்ளே தண்ணீர் நிரப்பி, கிணற்றில் தாங்க வேண்டியதைவிட அதிகமாக அழுத்தம் கொடுத்து, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கும்வரை யாரும் கான்கிரீட் சுவரைத் தாண்டி வரக் கூடாது.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் காதரும் நானும் பேசிக்கொள்வோம். காதர் கொருக்குப்பேட்டை. எனக்குப் பின்னால் சேர்ந்தவன். "இன்னா மேடம், இது வெடிச்சா நம்ம ரெண்டு பேரு போட்டோவும் ஒரே பேப்பர்ல வரும்" என்பான். வேலை தெரியாது. வாய் தெரியும்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பையே அவனும் செய்தான். வீலைத் திருப்பி மூடி, அது நின்ற பிறகும் தொங்கித் தொங்கி இறுக்கினான். இந்த வால்வு அப்படியில்லை. முழுசாக மூடியதும் கால் சுற்று திருப்பி விட வேண்டும். உள்ளே இருக்கிற தகட்டுக்குக் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். அப்போதுதான் அழுத்தமே அதைத் தள்ளி அடைக்கும். இறுக்கினால் ஒழுகும்.

"லூசா வுட்டா டைட்டா? நல்லா கீதே கதை" என்றான்.

கடலில் எண்ணெய் எடுக்கிற ரிக்குக்கு சர்வீஸ் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கம்பெனிக்குள்ளேயே இன்டர்வியூ. ஒரே இடம். நான் அதற்காகத்தான் அந்த வேலையில் இருந்தேன். கையால் தொட்டு அனுப்புவதெல்லாம் எங்கேயோ போகிறது. அது என்ன இடம் என்று பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. காதரும் விண்ணப்பித்தான். சும்மா போட்டு வைத்தேன் என்றான்.

அம்மா சிரித்தாள். அப்பா விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். "படகுலயே பொம்பளைய ஏத்த மாட்டானுங்கோ. நீ நடுக்கடல்ல போயி ஸ்பேனர் புடிக்கப் போறியா?" என்றாள் அம்மா.

கேலிதான். கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

இன்டர்வியூவில் வால்வைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று கேட்டார்கள். ரிக்கில் பெண்களுக்குத் தனி பாத்ரூம் கிடையாது, தெரியுமா என்று கேட்டார்கள். வெளியே வந்ததும் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். "உன் நல்லதுக்குத்தாம்மா."

டெஸ்டிங் பக்கமும் பெண்களுக்கு பாத்ரூம் கிடையாது. தினமும் ஆபீஸ் கட்டிடம்வரை நடந்து போய் வந்தேன். அதை யாரும் ஒரு காரணமாகச் சொன்னதில்லை.

மறுநாள் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது காதர் வந்து பக்கத்தில் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த கால் சுத்து மேட்டர தான் கேட்டாங்கோ தோஸ்து. நீ சொன்னத அப்டியே சொன்னேன். அசந்துட்டாங்கோ."

முள் மேலே இருந்தது. அது இறங்கும்வரை நான் நகர முடியாது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ரிக்குக்கு அவன்தான் போனான்.

இப்போது நான் ஓ.எம்.ஆரில் ஒரு ஆபீஸில் இருக்கிறேன். ஏ.சி. ரூம். யாரோ, எங்கேயோ செய்த டெஸ்டின் ரிப்போர்ட் பி.டி.எஃப்பாக வரும். சரிபார்த்து அனுப்புவேன். சம்பளம் அதிகம். சத்தம் கிடையாது. பாத்ரூம் பத்தடியில். அப்போது கையெல்லாம் கிரீஸ், காதெல்லாம் இரைச்சல்... ஆனால் அடுத்து என்ன என்று ஒன்று இருந்தது.

போன வாரம் காதர் வீடியோ கால் பண்ணினான். ரிக்கில் தங்கும் கட்டிடத்தின் மாடியில் நின்றிருந்தான். ஒரே காற்று. எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். உனுக்குக் காட்டணும்னு ரொம்ப நாளா நெனச்சினு இருந்தேன்" என்றான். நிஜமாகத்தான் சொன்னான்.

கேமராவைத் திருப்பினான். கடல். இரும்புக் கம்பிகள். தூரத்தில், திரையில் விரல்நகம் அளவுக்கு, வரிசையாகச் சிவப்பாக ஏதோ.

"அதோ கீது பாரு, கெணறு. மேல நம்ம வால்வு."

பார்த்தேன்.

நல்லா இருக்கு என்றேன். நெட் சரியில்லை என்று சொல்லி நானே கட் பண்ணினேன்.

நெட் நன்றாகத்தான் இருந்தது.