எண்பத்தேழு சதவீதத்தில் ஒரு மாப்பிள்ளை

போன சனிக்கிழமை, மூவாரில் உள்ள ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் ஸ்டோர் அறையில் உட்கார்ந்து, நானும் ஒரு மாப்பிள்ளையும் நாலரை மணி நேரம் ஒரு பச்சைப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை என்றால் சும்மா பட்டப் பெயர் இல்லை. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு உலு திராம் கோயில் மண்டபத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம்!

பெயர் தவமணி. என்னோடு ஜொகூர் பாருவில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நாங்கள் எழுதும் ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேரை ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் கொடுப்பது எங்கள் இருவர் பாடு. நிச்சயதார்த்த நாளில் எதற்கு வேலைக்கு வந்தான் என்று கேட்கிறீர்களா? எங்கள் பாஸ் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் காரணம்.

"அரை மணி நேர வேலைப்பா. போய்ட்டு ஓடி வந்துடலாம்."

முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்... 'அரை மணி நேர வேலை' என்று யாராவது சொன்னால், மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தவமணி விவரமானவன். பட்டு வேட்டி, சட்டை, மோதிர டப்பா எல்லாவற்றையும் என் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டுதான் ஏறினான்.

பசியாறிவிட்டுப் பத்தரைக்கு ஆரம்பித்தோம். 'இன்னும் நான்கு நிமிடம்' என்றது திரை. நாற்பது நிமிடம் கழித்தும் அதே நான்கு நிமிடம். இன்ஸ்டலேஷன் சொல்லும் நிமிடமும், என் சின்ன மாமா போனில் "கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லும் நிமிடமும் ஒரே கடிகாரத்தில் ஓடுபவை.

பதினொன்றேகாலுக்குப் பட்டை எண்பத்தேழு சதவீதத்தைத் தொட்டது. தொட்டது தொட்டதுதான். அதற்குமேல் நகரவில்லை.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பு கோத்தா திங்கியில் ஒரு செம்பனைத் தோட்ட ஆபிஸில், பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது தவமணி சும்மா மௌஸை ஆட்டினான். திரை அப்படியே உறைந்தது. மூன்று நாள் அங்கேயே கிடந்தோம். மௌஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். படித்தவர்கள்தானே! ஆனாலும் அன்றிலிருந்து ஒரு வழக்கம். இன்ஸ்டலேஷன் ஆரம்பித்ததும் மௌஸைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிடுவோம். டின் எங்கள் டூல் பேக்கிலேயே இருக்கிறது. பட்டை நூறைத் தொட்ட பிறகுதான் டின் திறக்கும்.

ஸ்டோர் கீப்பர் முனியாண்டி அண்ணன் இதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடமாக இந்தத் தொழிற்சாலையின் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பவர்.

"சாமி கும்பிடுற மாதிரி செய்றீங்களே சார். எலுமிச்சம்பழம் வேணும்னா ஆபிஸ்ல இருக்கு லா."

காத்திருக்கும் நேரத்துக்கு எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. குறுக்கெழுத்துப் புதிர். அதைத் தயாரிப்பது அன்று தவமணிக்கு நிச்சயமாகவிருந்த கவிதா. சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அதாவது, தவமணி மாதிரி ஆட்கள் எழுதுவதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். இருவரும் பழகிய ஒரு வருடத்தில் வாரம் ஒரு புதிர் அனுப்பியிருக்கிறாள். மற்றவர்கள் ரோஜாப்பூ அனுப்புவார்கள்... இவர்கள் கட்டம் அனுப்புகிறார்கள்.

இந்த வாரப் புதிருக்கு ஒரு நிபந்தனை. 'முடிக்காமல் மோதிரம் போட வராதே.'

அந்தப் புதிர்களைத் திரையில் காட்டுவதற்கென்றே தவமணி தனியாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறான். பதிலைத் தட்டினால் சரி பச்சை, தப்பு சிவப்பு. மௌஸ் டின்னுக்குள் போகும் முன்பே ஸ்டோரின் பெரிய திரையில் அதைத் திறந்துவிட்டான். திரை முழுக்கப் புதிர். கீழே ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பட்டை.

"ஐந்து எழுத்து. நமக்கு எப்போதும் தேவை, வாடிக்கையாளர் ஒருபோதும் தரமாட்டார்," என்று படித்தான் தவமணி.

"மரியாதை," என்றேன் நான்.

"அது நாலு எழுத்துண்ணே."

"அவகாசம்!" என்றார் முனியாண்டி அண்ணன். பச்சை.

தமிழில் வாராவாரம் பத்தி எழுதுகிறவன் நான்தான் என்பதை அந்த அறையில் யாரும் நினைவுபடுத்தவில்லை, நல்ல மனிதர்கள்.

ஒரு மணி. முனியாண்டி அண்ணன் மீ பண்டோங் நூடுல்ஸ் வாங்கிவந்தார். சாப்பிட்டோம். எண்பத்தேழு.

இரண்டு மணி. எண்பத்தேழு.

"நின்னு போச்சா?" என்றேன்.

"லைட் மினுக்குதுண்ணே. உள்ள வேலை செய்யுது," என்றான் தவமணி. நோயாளியின் நாடி பிடித்த டாக்டர் மாதிரி கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்திருந்தான்.

நிறுத்திவிட்டுக் கிளம்பவும் முடியாது. பழைய ஸ்டாக் விவரம் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாக நிற்கிறது. அப்படியே விட்டால் திங்கட்கிழமை லாரி ஏறவேண்டிய ஒரு நாற்காலிகூட நகராது. பாஸ்வேர்டு தெரிந்தவன் தவமணி, கார் வைத்திருப்பவன் நான். நான்கு மணிக்குள் கிளம்பினால்தான் ஏழு மணிக்கு உலு திராம். கிளம்பாவிட்டால்? மண்டபத்தில் இரண்டு குடும்பமும், ஐயரும், சாப்பாடும் இருக்கும். மாப்பிள்ளை மூவாரில் நாற்காலிகளுக்கு நடுவே இருப்பான்.

மூன்று மணிக்குள் கார் சாவியை நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டேன்.

புதிரில் ஒரே ஒரு வார்த்தை பாக்கி. 'வந்து நின்றால், பதில் சொல்லாமல் நகர முடியாது. மூன்று எழுத்து, கடைசி எழுத்து வி.'

"மனைவி லா! இதுக்கு என்ன யோசனை?" என்றார் முனியாண்டி அண்ணன், முப்பது வருடக் குடும்பஸ்தர்.

தட்டினான். சிவப்பு. தலைவி, சிவப்பு. பிறவி என்றேன். அதுவும் சிவப்பு.

மூன்று முப்பத்தைந்துக்கு போன் அடித்தது. கவிதா. தவமணி அதை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். தனியாகத் திட்டு வாங்கத் துணிச்சல் இல்லை போல.

"எங்க இருக்க?"

"மூவார்ல..."

அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பேசியது டெஸ்டர்.

"எத்தனை பர்சன்ட்?"

"எண்பத்தேழு."

"எப்ப இருந்து?"

"பதினொண்ணேகால்."

"அலமாக்... ஸ்கிரீன்ல இப்ப என்ன தெரியுது?"

"உன் பஸல்."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியாது. எது வந்தாலும் இதுதான் மேல நிக்கும். நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்," என்றான் தவமணி. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை.

"அறிவு இருக்கா உனக்கு? அதுக்குப் பின்னாடி ஏதாச்சும் கேள்வி கேட்டுட்டு நிக்கப் போகுது. மூடிப் பாரு!"

தவமணியின் முகம் மலர்ந்தது. மூடினானா? இல்லை.

"கேள்வி! மூணு எழுத்துண்ணே, கேள்வி!"

தட்டினான். கட்டம் முழுக்கப் பச்சை. முனியாண்டி அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார். நானும் தட்டினேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

"தவமணி," என்றது போன், மிக மெதுவாக. "இப்ப என்ன பண்ற?"

மூடினான். புதிர் மறைந்தது. அதற்குப் பின்னால், திரையின் நட்ட நடுவில், சின்னதாக ஒரு பெட்டி.

'பழைய பதிவுகளை வைத்துக்கொள்ளவா? ஆம் / இல்லை.'

நாலரை மணி நேரமாக அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதன் முகத்தின் மேலேயே புதிரை விரித்துவைத்து, வேகமில்லாத கம்ப்யூட்டர் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"எவன் இந்த நேரத்துல போய்க் கேள்வி கேக்குற மாதிரி எழுதினது?" என்றாள் கவிதா.

தவமணி என்னைப் பார்த்தான். முனியாண்டி அண்ணனும் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் டின்னைத் திறந்து மௌஸைப் பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தேன்.

'ஆம்.' மூன்றே நிமிடம். நூறு. ஒரு டெலிவரி ஆர்டர் அடித்துப் பார்த்தோம், நாற்காலி எல்லாம் சரியாக இருந்தது. நான்கு அடிக்கக் கார் தொழிற்சாலை கேட்டைத் தாண்டியது. "கல்யாணத்துக்கு இந்த டின்ன எடுத்துட்டு வராதீங்க சார்!" என்று முனியாண்டி அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்.

ஹைவேயில் ஓர் ஓய்விடத்தில் தவமணி வேட்டி மாற்றினான். ஆறு ஐம்பதுக்கு மண்டபம். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. ஆனால் சட்டையெல்லாம் மீ பண்டோங் வாசனை, அதனால் விட்டுவிட்டேன்.

மோதிரத்தைக் கையில் எடுத்தவனிடம் கவிதா மெல்லக் கேட்டாள். முன்வரிசையில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"பின்னாடி வேற விண்டோ எதுவும் திறந்து இல்லையே?"

"இல்ல."

விரலை நீட்டினாள்.

எதற்கோ காத்திருக்கிறோம், ஏன் இவ்வளவு தாமதம் என்று எரிச்சல்படுகிறோம். பாதி நேரம், அந்தப் பக்கம்தான் நமக்காகக் காத்திருக்கிறது. இப்படி ஞானோதயத்தில் இருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. காலையில் பதினொன்றரைக்கு மனைவி ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். 'முடிந்ததும் பார்க்கலாம்' என்று விட்டது, அப்படியே கிடந்தது. அவசரமாகத் திறந்தேன். நீலத்தில் ஒரு புடவைப் படம், பச்சையில் ஒரு புடவைப் படம். கீழே ஒரே வார்த்தை: 'எது?'

தலையைத் தூக்கினால், எதிரே பச்சைப் புடவையில் நிற்கிறாள்.

"பச்சைதான் உனக்கு எடுப்பா இருக்கு," என்றேன், முடிந்த அளவு இனிமையாக.

"டைம் அவுட் ஆயிடுச்சுங்க. நானே நெக்ஸ்ட் அமுக்கிட்டேன்."