வெறுங்குழியின் வெளிச்சம்

பொரளையில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் தைரொயிட் பழுதைத் தேடுகிறோம். கண்டுபிடிக்கப் பிந்தினால் மூளை வளராது. தட்டிலுள்ள சின்னக் குழிகளில் இரத்தத்தோடு யூரோப்பியம் என்ற உலோகத்தை விடுவோம். பழுது இருந்தால் அது குழியில் கூடுதலாக ஒட்டும். அதன் ஒளி வெறும் தண்ணீரில் மங்கிவிடும். கடைசியில் ஊற்றும் கரைசல் அதை நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோலப் பிடித்தால்தான் ஒளிரும். அதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் ஒளியைப் பாய்ச்சி, மற்ற வெளிச்சமெல்லாம் சாகும்வரை காத்திருந்து, மிஞ்சியதை எண்ணும்; எண்ணிக்கை கூடினால் பழுது.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குழியில் எவருடைய இரத்தமும் விடமாட்டோம். அது இருட்டாக இருக்கவேண்டும். அந்தக் கிழமை ஒருநாள் அது ஒளிர்ந்தது. கழுவினோம், கரைசலை மாற்றினோம், மறுநாளும் ஒளிர்ந்தது.

"அக்கா, ஒருத்தருமில்லாத குழியில யார் இருக்கினம்?" என்றாள் கூட வேலைசெய்யும் கொச்சிக்கடைப் பெண்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நக்கலடித்தேன். ஆனால் தட்டைத் தொட எனக்கும் கை கூசியது.

அடுத்த தட்டில் என் பெறாமகளும் இருந்தாள், தங்கையின் கைக்குழந்தை. அவளுடைய குழி மற்ற எல்லாவற்றையும்விட ஒளிர்ந்தது. வெறுங்குழியே ஒளிரும்போது இதை எப்படி நம்புவது? வெள்ளவத்தையிலிருந்து தங்கை போனில் கோல் எடுத்தபடியே இருந்தாள். "மெஷின் சரியில்லை, திருப்பிச் செய்யிறம்" என்றேன். அந்தப் பேய் உண்மையாகவே இருக்கட்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. யன்னல் இல்லாத அறை. அலுமாரிமேல் பச்சையாக ஒரு சிறிய உருவம் நின்றது. அதன் காலடியில் பச்சை விரல்நுனிகள் அசைந்தன. யாரது என்று கேட்டபடி பின்வாங்கினேன்.

"அக்கா, நான்தான்."

இருட்டில் ஒளிரும் புனிதர் சொரூபம், போன ஞாயிறு கோயிலடியில் வாங்கியதாம். ஒவ்வொரு நாளும் கையுறை போட்டபிறகு அதன் பாதத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடுவாளாம்.

"எல்லாப் பிள்ளையளுக்கும் நல்ல ரிசல்ட் வரவேணும் எண்டுதான்."

அந்தப் பச்சைப் பூச்சிலும் யூரோப்பியம் உண்டு. உதிர்ந்த தூள் அவள் விரலோடு குழிகளுக்குள் போயிருக்கிறது. சொரூபத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

சொரூபம் அவளுடைய கைப்பைக்குள் போனது. கரண்ட் வந்ததும் மேசையைத் துடைத்து, கையுறை மாற்றி, எல்லா இரத்தத்தையும் புதிய தட்டில் விட்டோம். சாமி கும்பிடாத நான், ஒளிராதே, ஒளிராதே என்று முணுமுணுத்தேன்.

வெறுங்குழி இருண்டது. மற்றப் பிள்ளைகளின் குழிகளும் அடங்கின. ஒன்று மட்டும் அடங்கவில்லை.

போன் அடித்தது. "அக்கா, இப்ப மெஷின் சரியோ?"

"ஓம்," என்றேன். "இப்ப சரி."