ஏழாவது விலா

“மூச்சை நல்லா இழுங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே நிறுத்துங்க.” சொல்லிவிட்டுத் தானும் மூச்சை நிறுத்திக்கொள்கிறார். தடுப்புக்குப் பின்னால், ஈயக் கண்ணாடிச் சன்னலை ஒட்டி, விரல் பொத்தான்மேல் இருக்க, இரண்டு கன்னமும் உப்பியிருக்கின்றன. இயந்திரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. “விடுங்க” என்கிறார், தானும் விடுகிறார். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இது நடக்கும். இருபத்தேழு வருடமாக நடக்கிறது. அதனால்தான் அவர் எல்லோருக்கும் மூச்சக்கா. சொந்தப் பெயர் சுவரில் மாட்டியிருக்கும் எக்ஸ்ரே உரிமத்தில் இருக்கிறது. அதை நின்று வாசிப்பவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு மாடி மருத்துவமனை. கீழே எக்ஸ்ரே அறை, மேலே டாக்டர். காலையில் வந்ததும் அக்கா முதலில் செய்வது, சிவப்பு விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே போய் அது எரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது. சுவிட்சை அவர் நம்புவதில்லை. அப்புறம் கதவு. உள்ளே ஈயத் தகடு வைத்த கதவு, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். மூடிய பிறகு இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். கடைசியாகக் கதிர் அளக்கும் பேட்ஜை மார்பில் குத்திக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது உறையில் போய், உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கோடு திரும்பி வரும். வீட்டுக்காரர் நகல் கடை வைத்திருக்கிறார். “நானும் நகல்தான் எடுக்கறேன், நீயும் நகல்தான் எடுக்கற. என் கடையில ஒருத்தருக்கும் பேட்ஜ் கிடையாது” என்பார்.

வயதுக்கு வந்த பெண் யார் வந்தாலும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, “நாள் தள்ளிப் போயிருக்கா?” என்று கேட்பார். மாமியார்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காததைப் பற்றி அக்காவுக்குக் கவலையும் கிடையாது.

முகம் அவருக்கு மனசில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றால் அடையாளம் வந்துவிடும். ஒரு முறை பேருந்தில் முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்து, “உங்களுக்கு வலது தோள் எலும்பு ரெண்டு விரல் கீழ இருக்கும்ல?” என்று கேட்க, அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார். “முகம் வயசுக்கு வயசு மாறும். விலா மாறாது” என்பது அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே வாக்கியம்.

அந்தப் பெருமைக்குப் போன வருடம் ஒரு புதன்கிழமை மத்தியானம் சோதனை வந்தது.

கல் உடைக்கும் கிரஷர் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. வருடா வருடம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கிறார்களா, கல் போகும் பட்டைக்கு மூடி போட்டிருக்கிறார்களா, சுற்றிலும் மரம் நட்டிருக்கிறார்களா என்று ஒரு நீளமான பட்டியல். அதில் ஒரு வரி, வேலையாட்கள் அத்தனை பேருக்கும் மார்பு எக்ஸ்ரே. அன்றைக்கு வேனில் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கிரஷரின் மேனேஜர் வந்தார். எப்போதும் நீல நிற ஃபைல் ஒன்று கக்கத்தில் இருப்பதால் அக்கா அவரை ஃபைல்காரர் என்பார்.

அன்றைக்கு அக்காவின் மனசு ஏற்கனவே சரியில்லை. இயந்திரத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆள் வரவழைத்துச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். கெடு முடிந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. டாக்டரிடம் சொல்லும்போதெல்லாம், “சொல்லியிருக்கேன் சிஸ்டர், வந்துருவாங்க” என்றார். வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரும் அவருக்கு சிஸ்டர்தான். நல்ல மனிதர், எதையும் நாளைக்கு என்று வைப்பவர். அக்கா முனகிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். நாணயம் விழுங்கிய குழந்தைக்கும் படம் எடுத்தார், விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த கிழவருக்கும் எடுத்தார். ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் கெடு தாண்டிய நாளை எண்ணிக்கொண்டார்.

கிரஷர் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். புருவத்தில், காது மடலில், சட்டைக் காலரின் மடிப்பில் வெள்ளைத் தூசி. பதினான்காம் எண்ணின் படம் கணினித் திரையில் விரிந்தபோது அக்காவின் கை நின்றது. இடது பக்கம் ஏழாவது விலா எலும்பில், எப்போதோ முறிந்து சேர்ந்த இடத்தில், சிறிய முடிச்சு. இதே முடிச்சை அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தார். நான்காம் எண்ணின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே முடிச்சு, அதே சாய்வு. பெயர் வேறு, வயது வேறு.

பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். சட்டை மட்டும் மாறியிருந்தது.

கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே கதிரும் போகாது, பேச்சும் போகாது. அக்கா குரலை உயர்த்தவில்லை. யாருக்காக நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அவர் முதலில் தரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கை வீட்டுக்காரருக்காக. கிரஷரில் சல்லடை ஓடும் இடத்தில் அவருக்கு வேலை. தூசி அதிகம் பறக்கிற இடம். ஒரு வருடத்துக்கு மேலாக இருமல். படத்தில் ஏதாவது தெரிந்தால் ஃபைல்காரர் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார் என்று பயம். நிற்கச் சொன்னது ஃபைல்காரரா என்று அக்கா கேட்டார்.

“அவர் சொல்லலக்கா. ஆனா அவருக்குத் தெரியும். மாப்பிள்ளைதான் என் கையைப் புடிச்சுக் கெஞ்சினாரு. போன வருஷமும் நான்தான் நின்னேன்.”

கடைசி வாக்கியம்தான் அக்காவை அடித்தது. அதற்கு முந்தைய வருடத்துப் படங்களைத் தேடி எடுத்தார். இருந்தது. சல்லடைக்காரரின் பெயருக்கு நேரே, இதே விலா, இதே முடிச்சு. இரண்டு படமும் அவர் கையால் எடுத்தவை, ஒரே நாளில். பார்க்கவில்லை. விலா மாறாது என்று பேருந்தில் போகிறவரிடமெல்லாம் சொன்ன வாய் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். ஃபைல்காரர் எதிரே நின்றிருந்தார். பதினான்காம் ஆள் வேனில் இருக்கிறாரா, அவரை அனுப்புங்கள் என்று அக்கா சொன்னார். ஃபைல்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எக்ஸ்ரே இயந்திரத்தின் சோதனைச் சான்று, நகல். கிரஷர் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கியிருந்தார். முடிந்துபோன தேதிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது.

“உங்க தேதியை நான் பாக்கல. என் ஆளை நீங்க பாக்க வேண்டாம்” என்றார், அடங்கிய குரலில். “மீதி நாலு பேர் இருக்காங்க. எடுத்துட்டு அனுப்புங்க. சாயங்காலத்துக்குள்ள நானும் போயிருவேன்.”

அக்காவின் கை தானாகப் பேட்ஜைத் தொட்டது. உரிமத்தில் இருப்பது அவர் பெயர். கேள்வி வந்தால் முதலில் அவரிடம்தான் வரும். காத்திருந்தவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா செருப்பைக்கூட மாட்டாமல், வெயிலில் நடந்து வேனுக்குப் போனார்.

பின் இருக்கையில், சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சல்லடைக்காரர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அக்கா கண்ணாடியைத் தட்டினார். அவர் தலையை ஆட்டினார். அக்கா மறுபடியும் தட்டினார். இப்படி எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் நினைவில்லை. கடைசியில் இருமல்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்தார். “வாங்க. ஒரே ஒரு படம். மறைச்சு வச்சா அது போயிடாது” என்று மட்டும் அக்கா சொன்னார்.

அவரால் மூச்சை நிறுத்த முடியவில்லை. பலகையில் மார்பை ஒட்டி நின்று இழுக்கும்போதே பாதியில் இருமல் வெடித்தது. அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை “நிறுத்துங்க” என்று சொல்லவே இல்லை; அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்து, இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே முதுகு அசையாமல் இருந்த அந்த ஒரு கணத்தில் அழுத்தினார்.

படம் வந்தது. இரண்டு பக்க நுரையீரலிலும், மேல் பாதியில், சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி புள்ளிகள். ஏழாவது விலா நேராக, முடிச்சில்லாமல் இருந்தது. அக்கா அந்தப் பெயரில் இருந்த பழைய படங்கள் எல்லாவற்றையும் திறந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது கிடைத்தது. நேரான விலா, சுத்தமான நுரையீரல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேமித்தார்.

பிறகு பதிவேட்டை எடுத்து இரண்டு வரி எழுதினார். பதினான்காம் எண்ணுக்கு நேரே, முதலில் எடுத்த படம் நான்காம் எண்ணுக்குரியவருடையது, போன வருடமும் அப்படியே. அடியில், இயந்திரத்தின் சோதனைக் கெடு முடிந்து முப்பத்தாறு நாள், பணி நிறுத்தப்படுகிறது. தேதி, மணி, கையெழுத்து. மின்சாரத்தை அணைத்து, அறையைப் பூட்டினார். மீதி நாலு பேர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அப்படின்னா இன்னிக்கு எடுத்த படம் ஒண்ணும் செல்லாது” என்றார் ஃபைல்காரர்.

“செல்லாம இருக்கலாம். அது என் தப்பு. அதையும் எழுதிட்டேன்.”

சாவியை மாடிக்குக் கொண்டுபோய் டாக்டரின் மேசையில் வைத்தார். டாக்டர் சாவியையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே சிஸ்டர் என்றார். முப்பத்தாறு நாள் பொறுத்தேன் டாக்டர் என்று அக்கா சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் சல்லடைக்காரரை மேலே வரச் சொல்லி, நெஞ்சு மருத்துவமனைக்கு அவரே கைப்பட ஒரு கடிதம் எழுதினார். பதிவேட்டில் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சான்றின் தேதி முடிந்ததை ஃபைல்காரர் மேலே எழுதிப் போட்டார். இயந்திரத்தைச் சோதிக்க ஆள் வந்தார்கள்; உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்தும் வந்தார்கள். அறை இருபத்தாறு நாள் பூட்டிக் கிடந்தது. உடம்பின்மேல் இயந்திரத்தின் விளக்கு காட்டும் கட்டத்துக்கும் கதிர் விழும் இடத்துக்கும் இரண்டு விரற்கடை விலகல் இருந்தது. சரிசெய்துவிடலாம், பெரிய ஆபத்தில்லை என்றார்கள். அக்கா அந்த முப்பத்தாறு நாள் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், பெயர் பெயராகப் படித்தார். நாணயம் விழுங்கிய குழந்தையின் பெயர் வந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்காவையும் விளக்கம் கேட்டார்கள். எழுதியதையே திரும்பவும் எழுதிக் கொடுத்தார்.

பதிவேட்டில் அக்கா எழுதியிருந்ததைப் பார்த்து, கிரஷருக்கும் அதிகாரிகள் போனார்கள். தெளிப்புக் குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வரவில்லை. பட்டையின் மூடியைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். சரிசெய்யும் வரை பத்தொன்பது நாள் மூடினார்கள். ஒரு நாள் காய்கறிக் கடையில் ஒரு பெண் அக்காவின் பையைப் பிடித்து நிறுத்தி, “எங்க வீட்டு ஆள் பத்தொன்பது நாளா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க நல்லாருங்க” என்றார். அக்கா அவர் கை தானாக விடும் வரை நின்றார்.

நெஞ்சு மருத்துவமனையில் சல்லடைக்காரரிடம், இது கிருமி இல்லை, கல் தூசி என்று சொல்லிவிட்டார்கள். போனது திரும்பாது, இனி தூசிப் பக்கமே போகாமல் இருந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். சேரும்போதே நோயோடு வந்தவர் என்று கிரஷர் தரப்பில் வாதாடிப் பார்த்தார்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய சுத்தமான படம் அந்த வாதத்தை உடைத்தது. வைத்தியம் அவர்கள் பொறுப்பு, வேலையிலிருந்து நீக்கவும் கூடாது என்று உத்தரவாயிற்று. இப்போது அவர் தூசியிலிருந்து தள்ளி, வாசல் பக்க அலுவலகத்தில் லாரி எண்களை எழுதுகிறார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்க வருகிறார். முதல் இரண்டு தடவை அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வாரம் சட்டையை மாட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க செஞ்சது சரின்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கட்டும். ஆனா தெரியாத வரைக்கும் நான் படி ஏறிட்டுத்தான் இருந்தேன்.”

 அக்கா படத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, டாக்டர் மேலே இருக்கிறார், நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று முன்னால் நடந்தார். மாடிக்குப் பதினெட்டுப் படி. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது படியில் பின்னால் மூச்சு இளைப்பது கேட்டதும், அக்கா நின்று, கைப்பிடியைப் பற்றிக் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் நன்றாகத்தான் இருந்தது. அவரும் நின்றார். இளைப்பு அடங்கியதும் அக்கா நிமிர்ந்து, இன்னும் நான்கு படி ஏறி, “இந்தச் செருப்போட பெரிய தொல்லை” என்று கூடத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மற்றக் காலுக்குக் குனிந்தார்.